கொண்டலாத்திகளுக்கு டாங்கி ஓட்டியவர்

ஸீக்மார் நோவாக் முப்பத்தாறு வருஷம் ஒரே மணல்வெளியில் டாங்கி ஓட்டினார். போர் என்று ஒன்றுக்கு அவர் போனதே இல்லை. க்ராபிட்ஸ் ஊருக்குக் கிழக்கே இருந்த ராணுவப் பயிற்சித் திடலில், பத்தொன்பது வயதில் கட்டாயச் சேவைக்கு வந்து வண்டியில் ஏறியவர், ஐம்பத்தைந்து வயதில்தான் இறங்கினார். இடையில் அவர் சல்யூட் அடித்துக்கொண்டிருந்த நாடே காணாமல் போய் வேறொரு நாடு வந்தது. சீருடை மாறியது, தொப்பியின் முத்திரை மாறியது, சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த படம் மாறியது. அதுவரை மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்த எதிரி, அதற்குப் பிறகு எந்தத் திசையிலிருந்து வருவான் என்று யாரும் சொல்லவில்லை. மணல் மட்டும் அப்படியே இருந்தது.

ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் அவர் வேலை. முப்பத்தாறு டன் இரும்பை நின்ற இடத்திலேயே பம்பரம் மாதிரி சுற்றவைப்பது எப்படி என்று ஆயிரக்கணக்கான பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். சுற்றி முடித்ததும் அந்த இடத்தில் புல் பூண்டு எதுவும் மிஞ்சக்கூடாது. மிஞ்சினால் பையன் தேறவில்லை என்று அர்த்தம்.

பறவைகளோடு அவருக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வசந்தம் வந்ததும் தலையில் விசிறி வைத்த ஒரு பழுப்புப் பறவை டாங்கித் தடத்தில் நடந்து நடந்து பிள்ளைப்பூச்சியைக் கொத்தி இழுக்கும். வண்டி அஞ்சு மீட்டர் நெருங்கும்வரை நகராது. பிறகு அலுத்துக்கொண்டே எழும்பி, வண்டிக்குப் பின்னால் புதிதாகப் புரண்ட மண்ணில் போய் இறங்கிவிடும். அது கொண்டலாத்தி என்று அவருக்குச் சொன்னது தபால்காரர் ட்ரௌகாட் கூபிஷ்.

கூபிஷ் தபால் கொடுக்க வரும்போதெல்லாம் கழுத்தில் தூரக்கண்ணாடியோடு வருவார். ராணுவ வாசலில் தூரக்கண்ணாடியோடு நிற்கும் ஆளைப் பழைய அரசாங்கம் எப்படிப் பார்த்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த அரசாங்கம் போன பிறகு தன்னைப் பற்றிய கோப்பை அவரே கேட்டு வாங்கிப் படித்தார். "இவர் பறவைகளில் ஆர்வம் உள்ளவராகக் காணப்படுகிறார். பறவைகளில் ஆர்வம் இல்லாதவராக இருக்கலாம் என்று சந்தேகம்" என்று ஒரு வரி இருந்ததாம். அதை ஊர் மதுக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் எண்ணுவதை ஒரு வருஷமும் விடவில்லை. டாங்கிகள் ஓடிய கடைசி வருஷம் அவர் நோட்டில் கொண்டலாத்தி பதினாலு ஜோடி. நாடு முழுக்க அருகிப்போய், அழியக்கூடிய பறவைகள் பட்டியலில் ஏறிவிட்ட பறவை, குண்டு வெடிக்கும் இடத்தில் பதினாலு ஜோடி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

திடலை மூடினார்கள். இரண்டு வருஷம் கழித்து அந்த இடம் பாதுகாக்கப்பட்ட பறவைப் பகுதி ஆயிற்று. அதற்குப் பொறுப்பாக வந்தவர் டாக்டர் ஃப்ரீடரிக்கே லென்ட்ஸ். மெலிந்த, வேகமாக நடக்கிற, நாற்பது வயதுப் பெண். கையில் மூன்று வண்ணம் தீட்டிய வரைபடம். மஞ்சளில் பாதையில் நடக்கலாம். பச்சையில் வழிகாட்டியோடு நடக்கலாம். சிவப்பு மையப் பகுதி. அதில் யாரும் கால் வைக்கக்கூடாது. வெடிக்காத குண்டுகள் எங்கெங்கே கிடக்கின்றன என்று தெரிந்த ஒரே ஆள் என்பதால் ஸீக்மாரைக் காவலராக எடுத்துக்கொண்டார்கள்.

முதல் வேலை பலகை நடுவது. "உயிருக்கு ஆபத்து, உள்ளே வராதே" என்ற ராணுவப் பலகைகளைப் பிடுங்கி, அதே குழிகளில் "பாதுகாக்கப்பட்ட பகுதி, உள்ளே வராதே" என்ற பலகைகளை நட்டார். ஒவ்வொன்றிலும் கொண்டலாத்தி படம். மொத்தம் அறுபத்துநாலு கொண்டலாத்தி.

இரண்டாவது வேலை உள்ளே வருகிறவர்களைப் பிடிப்பது. முதல் இலையுதிர் காலத்திலேயே பச்சைப் பகுதியில் கூடையோடு ஒரு பெண்ணைப் பிடித்தார். அது அவர் மனைவி கெர்லிண்டே. காளான் பறித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் டாக்டர் லென்ட்ஸும் இருந்ததால் வேறு வழியில்லாமல் எச்சரிக்கைச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பெயர், முகவரி எல்லாம் கேட்கச் சொல்கிறது விதி. கேட்டார்.

"முப்பத்தாறு வருஷம் நீ நசுக்குன காடு இது. நான் நாலு காளான் பறிச்சா அதுக்கு வலிக்குதாக்கும்?" என்றார் கெர்லிண்டே. முகவரியையும் ஒழுங்காகச் சொன்னார். அந்தச் சீட்டு வருஷக்கணக்கில் அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. அன்று மட்டுமல்ல, அந்த வாரம் முழுக்க ஸீக்மாருக்கு உருளைக்கிழங்கும் தயிர்க்கட்டியும்தான். அதன்மேல் ஊற்ற வேண்டிய ஆளிவிதை எண்ணெயை அவரே தேடி எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பாதுகாப்பு என்றால் அப்படி ஒரு பாதுகாப்பு. சிவப்புப் பகுதிக்குள் ஈ காக்கை நுழையவில்லை. நுழைந்தவை பிர்ச் விதைகளும் பைன் விதைகளும்தான். அவற்றுக்குப் பலகை படிக்கத் தெரியாது. முதலில் மணல்மேல் பாசி படர்ந்தது. பிறகு புல். பிறகு முழங்கால் உயரக் கன்றுகள். நாலாம் வருஷம் ஸீக்மார் வேலியோரம் நின்று பார்த்தபோது, தான் ஆயிரம் தடவை சுற்றிய இடம் எது என்று அவருக்கே அடையாளம் தெரியவில்லை. கொண்டலாத்திக்கு வேண்டியது வெறும் மண். நடந்து நடந்து அலகைச் செருகி எடுக்க வேண்டும். பாசிமேல் நின்றுகொண்டு அது என்ன செய்யும்?

கூபிஷின் நோட்டில் பதினாலு ஒன்பதாயிற்று. ஒன்பது ஆறாயிற்று. ஆறு மூன்றாயிற்று. அவர் வருஷா வருஷம் எண்ணிக்கையை அலுவலகத்துக்கு அனுப்புவார். அலுவலகம் அதைத் தலைமையகத்துக்கு அனுப்பும். தலைமையகம் படித்துவிட்டு, பாதுகாப்பு இன்னும் முழுப் பலன் தரவில்லை, ஆகவே பாதுகாப்பை அதிகப்படுத்த வேண்டும் என்று முடிவெடுக்கும். வரைபடத்தில் சிவப்பு மஞ்சளில் பாதியைத் தின்றது. இன்னும் இருபது பலகை வந்தது.

காணாமல்போன ஜோடிகளில் இரண்டைக் கூபிஷ் கண்டுபிடித்தார். பக்கத்து ஊர்ப் பையன்கள் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிற மணல் மேட்டில், பழைய டயர் அடுக்கின் பொந்தில் கூடு. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருபது வண்டிகள் காது கிழிய உறுமிக்கொண்டிருக்கும்; கொண்டலாத்தி சக்கரத் தடத்தில் பூச்சி பொறுக்கிக்கொண்டிருக்கும்.

"டேய், இதை எழுதி அனுப்பலாமா வேணாமா?" என்று கூபிஷ் கேட்டார்.

"நீ எண்ணுறவன். எண்ணுனதை மறைச்சா அப்புறம் உன் நோட்டுக்கு என்ன மரியாதை?" என்றார் ஸீக்மார்.

அனுப்பினார். தலைமையகம் மகிழ்ந்தது. பந்தய மேட்டையும் பாதுகாக்கப்பட்ட பகுதியில் சேர்த்தது. மோட்டார் சைக்கிள் தடைசெய்யப்பட்டது. டயர்களைக் குப்பை என்று அப்புறப்படுத்தினார்கள். ஸீக்மார் போய்ப் பலகை நட்டார். பையன்கள் அவரை என்ன சொல்லித் திட்டினார்கள் என்பதை அவர் வீட்டில்கூடச் சொல்லவில்லை. மறுவருஷம் அங்கே கொண்டலாத்தியும் இல்லை. அதற்கடுத்த இலையுதிர்காலத்தில் கூபிஷ் மதுக்கடையில் இரண்டு கோப்பை உள்ளே போன பிறகு, தான் இனிமேல் எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று அறிவித்தார்.

இதெல்லாம் இருந்தும் டாக்டர் லென்ட்ஸை முட்டாள் என்று ஊரார் சொன்னபோது ஸீக்மார் ஒப்புக்கொண்டதில்லை. அதற்குக் காரணம் இருந்தது. நடுவில் ஒரு கம்பெனி வந்து அந்தத் திடல் முழுக்கச் சூரியத் தகடு பதிக்கக் கேட்டது. ஊராட்சியில் பாதிப் பேர் தலையாட்டிவிட்டார்கள். அந்த அம்மாள் மூன்று வருஷம் ஒற்றை ஆளாகக் கோப்போடு அலைந்து அதை நிறுத்தினார். கூட்டத்தில் கம்பெனிக்காரன் அவரைப் பார்த்து, மூணு ஜோடிப் பறவைக்கு இவ்வளவு நிலமா என்று சிரித்தான். அவர் பதிலுக்குச் சிரிக்காமல், மூணு இல்லை, சரியாகச் சொன்னால் ரெண்டரை, ஒன்றுக்கு ஜோடி கிடைக்கவில்லை என்றார். வேலி இல்லாவிட்டால் மண்ணே மிஞ்சியிருக்காது என்பது ஸீக்மாருக்குப் புரிந்தது. வேலி போட்டும் மண் மிஞ்சவில்லையே என்பதுதான் அவருக்குப் புரியாமல் இருந்தது.

பத்தாம் வருஷம் ஏப்ரலோடு மழை நின்றது. ஜூலையில் சிவப்புப் பகுதிக்குள் புகை எழுந்தது. பூமிக்கடியில் பழைய குண்டுகள் கிடப்பதால் தீயணைப்பு வண்டிகள் ஆயிரம் மீட்டருக்கு இப்பால்தான் நிற்கலாம். நின்றன. இப்படிப்பட்ட இடங்களுக்கென்றே ஒரு பழைய டாங்கியின் பீரங்கியைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டி வைத்த வண்டி ஒன்று மாவட்டத்தில் உண்டு. அதை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஓட்டுகிறவர் பால்டிக் கடற்கரைக்கு விடுமுறை போயிருந்தார். தீயணைப்பு அதிகாரி கூட்டத்தைப் பார்த்து, யாருக்காவது ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். ஸீக்மாருக்கு அப்போது அறுபத்தேழு. கேள்வி முடிவதற்குள் மேலே ஏறியிருந்தார்.

மூன்று நாள் ஓட்டினார். தண்ணீர் அடிப்பது ஒருவர், ஓட்டுவது இவர். தண்ணீரைவிட மண்தான் நெருப்பை நிறுத்தும் என்று அவருக்குத் தெரியும். நெருப்புக்கு முன்னால் போய் மையப் பகுதியின் குறுக்கே வரிசை வரிசையாக ஓட்டி, ஒவ்வொரு வரிசை முடிவிலும் நின்ற இடத்திலேயே வண்டியைச் சுற்றினார். பிர்ச் கன்றுகள் முறிந்தன. பாசி பாய் பாயாகக் கிழிந்து சுருண்டது. அடியிலிருந்து வெள்ளை மணல் வெளியே வந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் நெருப்பு அந்த மணலோரம் வந்து, தாண்ட முடியாமல் படுத்துவிட்டது.

கெர்லிண்டே ரொட்டியும் ஊறுகாய் வெள்ளரியும் கொண்டுபோயிருந்தார். வண்டியின் மூடியைத் திறந்துகொண்டு கரி பூசிய முகத்தோடு கணவர் வெளியே தலை நீட்டியதைப் பார்த்தவர், "காடு எரியுது. பல்லைக் காட்டாத, யாராச்சும் பாக்கப் போறாங்க" என்றார். ஸீக்மார் வாயை மூடிக்கொண்டார். ஆனால் உள்ளுக்குள் பொங்கிய சந்தோஷத்தை அடக்க முடியவில்லை. அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

பதினோராம் நாள் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. கூடு கட்டும் பருவத்தில், மையப் பகுதியில், அனுமதியின்றிக் கனரக வாகனம் இயக்கி முப்பத்தொரு ஹெக்டேர் நிலத்தைச் சேதப்படுத்தியது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். நெருப்பு இருநூறு ஹெக்டேர் எரித்திருந்தது. அதற்கு முகவரி இல்லாததால் கடிதம் போகவில்லை.

விசாரணையில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் வரைபடத்தை விரித்து, குறித்த பாதையை விட்டு ஏன் விலகினீர்கள் என்று கேட்டார்.

"பாதை எரிஞ்சிட்டிருந்துச்சுங்க" என்றார் ஸீக்மார்.

"வண்டியை ஒரே இடத்துல சுத்தியிருக்கீங்க. நாப்பத்தெட்டு இடத்துல. அதுக்கு என்ன அவசியம்?"

"அப்பதான் மண்ணு புரளும்."

அவர் "மண் புரண்டது" என்று எழுதிக்கொண்டு அடிக்கோடு போட்டார். ஒப்புதல் வாக்குமூலம் கிடைத்த திருப்தி முகத்தில் தெரிந்தது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த டாக்டர் லென்ட்ஸ் தன் வரைபடத்தை மடித்துக்கொண்டிருந்தார். முடிவு: காவல் வேலை ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது.

வெளியே நடைவழியில் காப்பி இயந்திரத்தருகே டாக்டர் லென்ட்ஸ் ஸீக்மாரைப் பிடித்தார். கையிலிருந்த காகிதக் கோப்பையைக் கசக்கிக்கொண்டே பேசினார்.

"நோவாக் சார், மண்ணைக் கிளறணும்னு நானே எழுதிக் குடுத்திருக்கேன். வந்த மூணாம் வருஷமே. மரக்கன்னு வெட்டணும், ஆடு மேய விடணும், வண்டி ஓட்டணும்னு. ஆறு வருஷம் கழிச்சுப் பதில் வந்துச்சு. என்னன்னு தெரியுமா? பறவைப் பாதுகாப்புப் பகுதியில பறவைங்களைத் தொந்தரவு பண்ற எந்தக் காரியத்துக்கும் அனுமதி கிடையாது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டாக்டரம்மா."

"சொல்லியிருந்தா நீங்க ஓட்டியிருப்பீங்க."

அது உண்மைதான் என்று ஸீக்மார் ஒப்புக்கொண்டார். 

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் வீட்டில் கிடந்தார். கெர்லிண்டேயின் மாவு அரைக்கும் மெஷினை இரண்டு தடவை பிரித்து மாட்டினார். இரண்டாம் தடவை ஒரு திருகு மிஞ்சியது. ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் காலைச் சாப்பாட்டு வேளையில் கூபிஷ் சைக்கிளில் வந்தார். எழுபத்துமூன்று வயதில் அவ்வளவு வேகமாக மிதித்து வந்தவருக்கு மூச்சு வாங்கியது. நோட்டை எடுத்து மேசையில் வைத்துத் திறந்து காட்டினார். எரிந்த இடத்தில், டாங்கி கிழித்த மணலோரமாக, நாலு ஜோடி. வேலியோரம் தூரக்கண்ணாடியோடு ஐந்து காலை நின்று எண்ணியது. வானம்பாடி எத்தனை என்று எண்ணவே முடியவில்லையாம்.

"நாலா?" என்று கேட்டார் ஸீக்மார்.

"நாலு. ஒண்ணு நீங்க குறி பாத்துச் சுடுற அந்தப் பழைய சுவருக்குள்ள கூடு கட்டியிருக்கு. கூட்டு நாத்தம் வேலி வரைக்கும் வருது."

ஸீக்மார் எழுந்துபோய்ச் சன்னலோரம் நின்றார். கெர்லிண்டே அவர் முதுகைப் பார்த்துவிட்டு, கூபிஷுக்கு மட்டும் காப்பி ஊற்றினார்.

ஜூன் மாதம் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு விழா வைத்தார்கள். பத்தாண்டுக் காலத் தொடர்ச்சியான, சமரசமற்ற பாதுகாப்பின் பலனாகக் கொண்டலாத்தி திரும்பியிருக்கிறது என்று தலைமையகத்துக்காரர் வாசித்தார். அவருக்குப் பின்னால் டாங்கி கிழித்த மணல் வெயிலில் பளபளத்தது. அதைப் புகைப்படத்தில் விழாதபடி பார்த்துக்கொண்டார்கள். அனுமதி அட்டை இல்லாத ஸீக்மார் கயிற்றுக்கு வெளியே நின்று கேட்டார். கை தட்டச் சொன்னபோது தட்டினார். பறவை வந்தது அவருக்கும் சந்தோஷம்தானே.

டாக்டர் லென்ட்ஸ் அன்று மேடை ஏறவில்லை. அறைக்குள் உட்கார்ந்து திட்டம் எழுதிக்கொண்டிருந்தார். வெற்றி என்று தலைமையகமே சொல்லிவிட்டதால், வெற்றியைத் தக்கவைக்கும் திட்டத்தை அவர்களால் மறுக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். நூற்று நாற்பது பக்கம். டாங்கி என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. "வாழிடப் புத்துயிர்ப்புக்கான இயந்திரவழி மேற்பரப்பு மாற்றம்" என்றுதான் இருந்தது. தொண்ணூற்றேழாம் பக்கத்தில், இதைச் செய்பவருக்கு வேண்டிய தகுதிகள்: சங்கிலிச் சக்கர வாகனத்தில் முப்பத்தாறு ஆண்டு அனுபவம், இதே நிலப்பகுதியில், வெடிபொருள் கிடக்கும் இடங்களைப் பற்றிய நேரடி அறிவு, க்ராபிட்ஸில் குடியிருப்பு. அவ்வளவு தூரம் யாரும் படிக்கவில்லை. இரண்டு வருஷத்தில் அனுமதி வந்தது. ஸீக்மாருக்கு வந்த நியமனக் கடிதத்தில் இருந்த கையெழுத்தும், முன்பு விளக்கம் கேட்டு வந்த கடிதத்தில் இருந்த கையெழுத்தும் ஒன்றேதான்.

அவருடைய டாங்கி ஓட்டும் உரிமம் எப்போதோ காலாவதியாகியிருந்தது. எழுபது வயதில் இரண்டு நாள் வகுப்புக்குப் போனார். சொல்லிக்கொடுத்த ஆள் இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இதே திடலில் இவரிடம் மூன்று தடவை தேறாமல் போனவன். இவரை முதல் தடவையிலேயே தேற்றிவிட்டான்.

அக்டோபரில், மூன்று நாள், பகல் ஒன்பதிலிருந்து மூன்றுவரை ஓட்டலாம். வண்டிக்கு முன்னால் கொடியோடு ஒருவர் நடந்து, பாதுகாக்கப்பட்ட மணல் பல்லி இருக்கிறதா என்று பார்ப்பார். பின்னால் ஒருவர் தடத்தின் ஆழத்தை அளப்பார். ஆழம் பத்து சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. முதல் நாள் பல்லிக்காரர் நடந்த வேகத்துக்கு வண்டி ஊர்ந்தது. பாசி நசுங்கியதே தவிரக் கிழியவில்லை. ஸீக்மார் வீட்டுக்கு வந்து படுத்தார்.

இரண்டாம் நாள் அளக்கிறவருக்குக் காய்ச்சல். டேப்பை எடுத்துக்கொண்டு டாக்டர் லென்ட்ஸே வந்தார். முதல் வரிசை முடிந்த இடத்தில் ஸீக்மார் வண்டியை நிறுத்தினார். பல்லிக்காரர் தூரமாக ஒதுங்கும்வரை காத்திருந்தார். பிறகு ஒரு நெம்புகோலை முழுக்க இழுத்து, நின்ற இடத்திலேயே இரண்டு சுற்றுச் சுற்றினார். புகை அடங்கியதும் டாக்டர் லென்ட்ஸ் குழிக்குள் இறங்கினார். மணல் அவர் முழங்காலுக்கு வந்தது.

"நோவாக் சார், பத்து சென்டிமீட்டர்னு போட்டிருக்கு."

"அது டாங்கிக்குத் தெரியாதே டாக்டரம்மா."

அவர் டேப்பைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். டேப்பைச் சுருட்டிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, படிவத்தில் பத்து என்று எழுதினார். மிச்சமிருந்த அந்த இரண்டு நாளில் அப்படி அறுபத்தேழு பத்து எழுதினார்.

மறு வசந்தத்தில் கூபிஷின் நோட்டில் ஏழு ஜோடி. அதற்கடுத்த வருஷம் பதினொன்று. நோட்டை இப்போது அவர் மகள் பிடித்துக்கொள்கிறாள், அவர் கண் மங்கியதால். ஆனால் சத்தத்தை வைத்து எண்ணுவதில் இன்னும் அவரை மிஞ்ச ஆளில்லை. பக்கத்து ஊர்ப் பந்தய மேட்டுக்கும் அதேபோல் திட்டம் எழுதக் கேட்டு டாக்டர் லென்ட்ஸ் விண்ணப்பித்திருக்கிறார். "இருசக்கர மேற்பரப்பு மாற்றம்" என்று பெயர். பதில் வரவில்லை.

போன மே மாதம் தலைமையகத்திலிருந்து மதிப்பீட்டுக் குழு வந்தது. ஆறு பேர். சிறு வேன் ஒன்றில் அவர்களை ஏற்றிக்கொண்டு ஸீக்மார்தான் ஓட்டினார். மஞ்சள் பகுதியின் மணற்பாதையில் ஒரு திருப்பத்தில் சட்டென்று நிறுத்தி எஞ்சினை அணைத்தார். பின்னால் இருந்தவர்கள் கைக்கடிகாரம் பார்த்தார்கள். தலைவர் முன்னால் குனிந்து, என்ன பிரச்சினை என்று கேட்டார்.

"பறவைங்க. பாதையில நடக்குது" என்றார் ஸீக்மார்.

தலைவர் மடியிலிருந்த வரைபடத்தை நன்றாகப் பார்த்தார். "இங்க இருக்காதே. இது மஞ்சள் பகுதி" என்றார்.

வேனுக்கு முன்னால் பழைய சக்கரத் தடத்தில் கொண்டலாத்தி அலகை மணலுக்குள் செருகி, ஒரு பிள்ளைப்பூச்சியை இழுத்துக்கொண்டிருந்தது. பூச்சி விடுவதாக இல்லை. ஸீக்மார் சன்னலை இறக்கிவிட்டு, கையை ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபது நிமிஷம் ஆயிற்று. குழுவுக்கு மதியச் சாப்பாடு ஆறிப்போயிற்று.